துப்பாக்கி இல்லாத வாசகர்

வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



வீடியோ கேமை ஒட்டி வரும் காமிக்ஸ் புத்தகங்களை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. காமிக்ஸ் வாசகர்கள் அவற்றை விளம்பரம் என்று ஒதுக்கிவிடுவார்கள். கேம் ஆடுபவர்களோ வாங்கிய பொருளோடு வந்த கொசுறு என்று நினைப்பார்கள். இரு தரப்பையும் நான் குறை சொல்லமாட்டேன். அப்படி வந்தவற்றில் பெரும்பாலானவை அந்தத் தரத்தில்தான் இருந்தன. ஆனால் அந்தக் குவியலுக்குள் அறிவியல் திகில் என்று ஒரு சிறு பிரிவு இருக்கிறது. கைவிடப்பட்ட விண்கலம், மூடிய ஆய்வுக்கூடம், தொற்று, உருமாறும் உடல் என்று போகிற கதைகள். அவற்றில் சில, தாம் பிறந்த கேமால் செய்யவே முடியாத ஒரு வேலையைச் செய்திருக்கின்றன. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேம் நம் கையில் ஆயுதத்தைக் கொடுக்கிறது. எத்தனை பயங்கரமான கேமாக இருக்கட்டும், ஓடலாம், சுடலாம், ஒளிந்துகொள்ளலாம், செத்தால் மறுபடி தொடங்கலாம். காமிக்ஸில் இதில் எதற்கும் வழியில்லை. கட்டத்துக்குள் நிற்பவர் திறக்கக் கூடாத கதவைத் திறக்கப்போகிறார் என்று நமக்குத் தெரியும். தெரிந்தும் பக்கத்தைத் திருப்புவதைத் தவிர நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. இந்தக் கையாலாகாத நிலையைப் புரிந்துகொண்டு எழுதப்பட்ட காமிக்ஸ் நிலைத்தது. கேமின் வேகத்தை அப்படியே தாளில் கொண்டுவர நினைத்தது தோற்றது.

தோற்றதை முதலில் பார்த்துவிடுவோம். இட் சாஃப்ட்வேர் நிறுவனத்தின் டூம் 1993 டிசம்பர் 10 அன்று வெளியானது. செவ்வாயின் நிலவுகளில் நடந்த ஆய்வு தவறிப்போய் நரகத்துக்கு வாசல் திறந்துவிடுகிறது. தனியாக மாட்டிக்கொண்ட போர்வீரன் ஒருவன் அங்கிருந்து சுட்டுக்கொண்டே வெளியேற வேண்டும். அந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய நாள், டிசம்பர் 9 அன்று, அமெரிக்க செனட்டில் லீபர்மேன், கோல் ஆகிய இரு உறுப்பினர்கள் வீடியோ கேம் வன்முறை பற்றிய விசாரணையை நடத்தினார்கள். அதே செனட், 1954இல் திகில் காமிக்ஸ்களை இதே போலக் கூண்டில் ஏற்றியது. இசி காமிக்ஸ் பதிப்பாளர் வில்லியம் கெயின்ஸ் அப்போது நேரில் வந்து சாட்சி சொன்னார். அந்த ஆண்டே பதிப்பாளர்கள் தமக்குத் தாமே ஒரு தணிக்கை விதித்தொகுப்பை ஏற்படுத்திக்கொண்டார்கள். தலைப்பில் திகில் என்ற சொல் வரக் கூடாது, நடமாடும் பிணங்களை வரையக் கூடாது என்றெல்லாம் அதில் இருந்தது. கெயின்ஸ் நடத்திய திகில் இதழ்களும் அறிவியல் புனைகதை இதழ்களும் அடுத்த ஒன்றிரண்டு ஆண்டுகளுக்குள் நின்றுபோயின. கேம் நிறுவனங்களும் 1994இல் தமக்கென வயதுத் தரச்சான்று முறையைக் கொண்டுவந்தன. நாற்பது ஆண்டு இடைவெளியில் ஒரே குற்றச்சாட்டைச் சந்தித்த இரண்டு கலைகள் இவை. ஒன்றையொன்று தேடிப் போனதில் எனக்கு வியப்பில்லை.

ஆனால் முதல் சந்திப்பு நன்றாக அமையவில்லை. 1996இல் மார்வெல் நிறுவனம் டூமுக்கு ஒரு காமிக்ஸ் வெளியிட்டது. பதினாறே பக்கம். ஸ்டீவ் பெலிங், மைக்கேல் ஸ்டூவர்ட் இருவரும் எழுத, டாம் கிரிண்ட்பெர்க் வரைந்தார். கிரிண்ட்பெர்க் நல்ல ஓவியர், தசைகளையும் அசைவையும் அறிந்தவர். கதை என்று பார்த்தால், வீரன் ஒரு அரக்கனை அடிக்கிறான், பெரிய துப்பாக்கி தேடுகிறான், இன்னொரு அரக்கனை அடிக்கிறான், அதைவிடப் பெரிய துப்பாக்கி தேடுகிறான். நடுவில் கதிர்வீச்சுக் கழிவில் காலை வைத்ததும், நம் பிள்ளைகளுக்கு எப்படிப்பட்ட பூமியை விட்டுச் செல்கிறோம் என்று நின்று வருந்துகிறான். பிறகு மறுபடி ஓட்டம். இணையத் தலைமுறை இந்தப் புத்தகத்தைச் சிரிப்பதற்காகவே இன்றும் பகிர்கிறது.

எனக்கு இதில் சிரிப்பு வரவில்லை. ஏன் தோற்றது என்பதை இந்தப் புத்தகம் தெளிவாகக் காட்டுகிறது. கேமில் பெரிய துப்பாக்கியைத் தேடுவது நாம். குண்டு தீர்ந்துபோனபோது உள்ளங்கை வியர்ப்பது நமக்கு. அதையே இன்னொருவன் செய்ய நாம் பார்த்துக்கொண்டிருந்தால் அதில் பயமே இல்லை. படைப்பாளிகள் கேமிலிருந்து செயலை எடுத்துக்கொண்டார்கள். எடுத்திருக்க வேண்டியது வேறு.

எதை எடுத்திருக்க வேண்டும் என்பதற்கு, அதே 1996இல் ஜப்பானின் கேப்காம் வெளியிட்ட ரெசிடென்ட் ஈவில் விடை வைத்திருந்தது. காட்டு நடுவே ஒரு மாளிகை. அடியில் ஒரு மருந்து நிறுவனத்தின் ரகசிய ஆய்வுக்கூடம். அங்கே ஓர் அறையில் விலங்குகளைப் பராமரித்த ஊழியரின் நாட்குறிப்பு கிடக்கும். ஆடியவர்கள் யாரும் அதை மறந்திருக்க முடியாது. முதல் பக்கத்தில் நண்பர்களோடு சீட்டாடிய கதை. பிறகு ஆய்வுக்கூடத்தில் ஏதோ விபத்து என்ற பேச்சு. பிறகு முதுகில் அரிப்பு, கொப்புளம், காய்ச்சல். நாளாக ஆக வாக்கியங்கள் சுருங்குகின்றன, இலக்கணம் கழன்று விழுகிறது. கடைசிப் பதிவில் அரிப்பையும் ருசியையும் குறிக்கும் இரண்டே சொற்கள். படித்து முடித்ததும் அலமாரிக் கதவு திறந்து அந்த ஊழியரே வெளியே வருவார். அதற்குப் பின் வருவது வழக்கமான சண்டை, சுட்டால் விழுந்துவிடுவார். நடுங்க வைத்தது அந்த நாட்குறிப்புதான். விளையாட்டு நின்று நாம் வாசகராக மாறிய அந்த அரை நிமிடத்தில், கையில் துப்பாக்கி இருந்தும் பயனில்லை. அந்த மனிதரைக் காப்பாற்றும் காலம் கடந்துவிட்டது.

திகில் கேம்களில் இது பொது வழக்கம். நாம் எப்போதும் தாமதமாகத்தான் போய்ச் சேர்கிறோம். எல்லாம் நடந்து முடிந்திருக்கும். சுவரில் ரத்தம், தரையில் உடல்கள், ஒலிப்பதிவுக் கருவியில் யாரோ ஒருவருடைய கடைசிப் பேச்சு. நாம் வருவதற்கு முன்னால் அங்கே என்ன நடந்தது, அந்த மனிதர்கள் யார் என்ற கேள்விகளுக்குக் கேம் துண்டு துண்டாகத்தான் பதில் சொல்லும். சொல்ல நேரமிருக்காது, நாம் ஓடிக்கொண்டிருப்போம். காமிக்ஸுக்கான இடம் அங்கேதான் இருக்கிறது.

அந்த இடத்தை அழகாகப் பயன்படுத்திய ஒரு சிறுகதையைச் சொல்கிறேன். 2006இல் மார்வெல் வழியாக வந்த ஹேலோ கிராஃபிக் நாவலில் நான்கு கதைகள். அதில் ஒன்றை பிரான்சின் மேதை மோபியஸ் வரைந்தார் என்பதற்காகவே பலர் அந்தத் தொகுப்பை வாங்கினார்கள். என்னை நிறுத்தியது அதன் முதல் கதை. லீ ஹாமக் எழுத்து, சைமன் பிஸ்லி ஓவியம். ஹேலோ கேமில் நாம் மனிதர் பக்கம் நின்று கவனென்ட் என்ற வேற்றுக்கிரகக் கூட்டணியைச் சுட்டுத் தள்ளுகிறோம். அந்தக் கூட்டணியின் ஒரு கப்பல்தான் கதைக்களம். நாயகன் ர்டாஸ் வாடுமீ, நாம் நூற்றுக்கணக்கில் கொன்ற இனத்தைச் சேர்ந்த தளபதி. ஃப்ளட் எனப்படும் ஒட்டுண்ணித் தொற்று கப்பலுக்குள் புகுந்துவிடுகிறது. அது தொட்ட உடலைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும், அந்த உடலின் நினைவுகளையும் உறிஞ்சிக்கொள்ளும். தளபதியின் வீரர்கள் ஒவ்வொருவராக மாறுகிறார்கள். கடைசியில் அவருடைய நெருங்கிய தோழனே மாறி வாளோடு எதிரே நிற்கிறான்.

2004இல் வந்த ஹேலோ 2 கேமில், தாடையின் ஒரு பக்கம் முழுதாக இல்லாத தளபதி ஒருவர் வருவார். என்ன காயம், எப்படி வந்தது என்று கேம் சொல்லாது. இந்தக் கதையில் அந்தக் காயம் நம் கண் முன்னால் ஏற்படுகிறது. ஏற்படுத்துவது அவருடைய தோழன். பிறகு தொற்று வெளியே பரவாமலிருக்க அவர் கப்பலையே ஒரு விண்மீனுக்குள் செலுத்திவிடுகிறார். பிஸ்லி வரைந்த சதை உருகுவது போலவும் முளைப்பது போலவும் ஒரே நேரத்தில் தெரியும். கேமின் திரையில் ஃப்ளட் வெறும் கும்பல், அலையலையாக வரும். பிஸ்லியின் கட்டத்தில் ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் முன்பு பெயரும் பதவியும் இருந்த ஒருவர். இதைப் படித்த பிறகு கேமில் அந்த இனத்தைச் சுடும்போது கை ஒரு கணம் தயங்கும். வெறும் இலக்காக இருந்தவர்களுக்கு ஒரு சிறுகதை உயிர் கொடுத்துவிட்டது.

இனி நான் நீளமாகப் பேச நினைத்த புத்தகத்துக்கு வருகிறேன்.

டெட் ஸ்பேஸ். கலிஃபோர்னியாவில் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் ஒரு பிரிவு உருவாக்கிய கேம், 2008 அக்டோபரில் வந்தது. அந்தப் பிரிவு பின்னர் விஸரல் கேம்ஸ் என்று பெயர் மாறியது. 26ஆம் நூற்றாண்டு. பூமியின் கனிமங்கள் தீர்ந்துவிட்டன. இஷிமுரா என்ற மாபெரும் கப்பல் வேற்றுக் கிரகங்களின் மேலோட்டைத் துண்டாகப் பெயர்த்தெடுத்துக் கனிமம் பிரிக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பணிபுரிந்த அந்தக் கப்பலிலிருந்து திடீரென்று பேச்சில்லை. பழுது பார்க்கப் போகும் பொறியாளர் ஐசக் கிளார்க் நாம். ஐசக் அசிமோவ், ஆர்தர் சி. கிளார்க் இருவரின் பெயரையும் சேர்த்து வைத்த பெயர் அது. கப்பலில் பிணங்கள் உருமாறி எழுந்து திரிகின்றன. தலையில் சுட்டால் சாகாது, கை கால்களை வெட்ட வேண்டும். கையில் இருப்பதோ சுரங்க வேலைக்கான வெட்டுக் கருவி.

முதல் அத்தியாயத்தில் அந்தக் கருவியை எடுக்கும் அறையில், சுவரில் ரத்தத்தால் ஒரு வரி எழுதியிருக்கும்: அவற்றின் அவயவங்களை வெட்டு. நமக்கு அது வெறும் ஆட்டக் குறிப்பு. படித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். அதை எழுதியவர் யார், அந்த ஒரு வரியைக் கற்றுக்கொள்ள எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்க அங்கே நேரமில்லை.

கேம் வருவதற்கு ஏழு மாதம் முன்பே, 2008 மார்ச்சில், இமேஜ் காமிக்ஸ் அதன் முன்கதையை ஆறு இதழ்களாக வெளியிடத் தொடங்கியது. எழுதியவர் பிரிட்டனைச் சேர்ந்த ஆன்டனி ஜான்ஸ்டன். பின்னாளில் இவருடைய உளவுக் கதை ஒன்றுதான் அட்டாமிக் பிளான்ட் திரைப்படமானது. வரைந்தவர் ஆஸ்திரேலியாவின் பென் டெம்பிள்ஸ்மித். அலாஸ்காவின் நீண்ட இரவில் ரத்தக் காட்டேரிகள் நுழையும் 30 டேஸ் ஆஃப் நைட் கதையை வரைந்து பெயர் பெற்றவர்.

கதை நடப்பது ஏஜிஸ் 7 என்ற கிரகத்தில். இஷிமுரா வந்து பெயர்த்தெடுப்பதற்கு முன்னால் தரையைத் தயார் செய்யும் சிறு குடியேற்றம். அரசு தடை விதித்த பகுதியில் நிறுவனம் ரகசியமாக நடத்தும் சுரங்கம் அது. ஆகவே ஏதாவது நடந்தால் உதவி கேட்டு யாரையும் கூப்பிட முடியாது. இந்த ஒரு விவரத்தை ஜான்ஸ்டன் கதையின் அடியில் போட்டுவிட்டு அமைதியாகத் தொடங்குகிறார். நாயகன் ஏப்ரகாம் நியூமன், குடியேற்றத்தின் பாதுகாப்புக் காவலர். குடிபோதைச் சண்டை, சிறு திருட்டு என்று பார்த்துக்கொண்டிருந்தவர். தோண்டும்போது செந்நிறத்தில் முறுக்கிய கொம்பு போன்ற ஒரு தூண் கிடைக்கிறது. யூனிடாலஜி என்ற மதத்தைச் சேர்ந்த தொழிலாளர்களுக்கு அது தங்கள் வேதம் சொன்ன புனிதச் சின்னம். இறந்த பின் எல்லோரும் ஒன்றாகக் கலப்போம், அதற்காக உடலை அழியாமல் காக்க வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை.

அந்தத் தூண் வந்த பிறகு யாருக்கும் தூக்கம் வரவில்லை. முதல் இதழ்களில் திகில் இதுதான். அரக்கர் யாரும் வருவதில்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம், செத்துப்போன உறவினர் கூப்பிடுவதாகக் கேட்கும் குரல், காரணமில்லாத கைகலப்பு, பிறகு கொலை. நியூமன் ஒவ்வொரு வழக்காக விசாரிக்கிறார். போலீஸ் கதையின் வடிவத்தில் போகிறது. குற்றவாளி யார் என்று அவர் தேடுகிறார். நமக்கு மட்டும் தெரிகிறது, குற்றவாளி ஒரு மனிதர் இல்லை என்று.

டெம்பிள்ஸ்மித்தின் கையை இங்கே பார்க்க வேண்டும். கோடுகள் கீறல் கீறலாக இருக்கும், முடிக்காமல் விட்டது போல. மை ஊறிய மங்கல் நிறங்கள் பக்கம் முழுக்கப் பரவியிருக்கும்: பழுப்பு, சாம்பல், நோய் பிடித்த மஞ்சள். முகங்களைத் துல்லியமாக வரையமாட்டார். கண் இருக்க வேண்டிய இடத்தில் நிழல், வாய் இருக்க வேண்டிய இடத்தில் கிழிசல். முதலில் பார்ப்பவர்கள் இதைக் குறையென்பார்கள், யார் யாரென்று தெரியவில்லை என்பார்கள். எனக்கு அந்தத் தெளிவின்மையே கதையின் உயிர் என்று படுகிறது. உருமாற்றம் நடப்பதற்கு வெகு முன்பே இந்த மனிதர்களின் முகங்கள் கரையத் தொடங்கிவிட்டன. உறக்கமில்லாதவர்களின் உலகம் இப்படித்தான் தெரியும். கேமில் எல்லாம் கூர்மை. உலோகத்தின் பளபளப்பு, விளக்கின் வட்டம், அரக்கனின் ஒவ்வொரு மூட்டு. குறிவைத்து வெட்ட வேண்டும் என்பதால் அங்கே தெளிவு தேவை. வெட்ட முடியாத வாசகருக்கு அந்தத் தெளிவு எதற்கு? அவருக்குக் கொடுக்க வேண்டியது சந்தேகத்தை.

ஒலியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். டெட் ஸ்பேஸ் கேமில் பாதிப் பயம் காதில் இருக்கிறது: காற்றோட்டக் குழாய்க்குள் ஏதோ ஊரும் சத்தம், தூரத்தில் உலோகம் முனகுவது. காமிக்ஸுக்குச் சத்தமில்லை. அந்தக் குறையை ஈடுசெய்வது பக்கம் திருப்பும் கணம். முத்து காமிக்ஸில் 1972இல் இரும்புக்கை மாயாவி வந்த நாளிலிருந்து படித்து வருபவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். வலப்பக்கத்தின் கடைசிக் கட்டம் என்னவெல்லாம் செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாத இதழாக வரும்போது அந்தக் கட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் முப்பது நாள் காத்திருப்பு.

பிறகு இஷிமுரா வந்து சேர்கிறது. தூணைக் கப்பலுக்குக் கொண்டுபோகிறார்கள், கிரகத்தைப் பெயர்க்கிறார்கள். குடியேற்றத்தில் நம்பிக்கையாளர்கள் கூட்டமாகத் தங்கள் உயிரை மாய்த்துக்கொள்கிறார்கள். அந்தப் பிணங்கள் எழுகின்றன. காவலர்கள் பயிற்சியில் கற்றபடி நெஞ்சிலும் தலையிலும் சுடுகிறார்கள். ஒன்றும் நடப்பதில்லை. கேம் ஆடியவர்கள் இந்தப் பக்கங்களைப் படிக்கும்போது வாய்விட்டுக் கத்தத் தோன்றும்: காலை வெட்டுங்கள்! சுவரில் ரத்தத்தால் எழுதிய வரி நமக்கு நினைவு வருகிறது. அவர்களுக்குச் சொல்ல வழியில்லை. கேம் கற்றுக்கொடுத்த அறிவு முழுவதும் நம்மிடம் இருக்கிறது, அதனால் ஒரு உயிரைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை. இந்த உணர்வை எந்தக் கேமும் எனக்குத் தந்ததில்லை. தர முடியாது என்றே நினைக்கிறேன். நியூமன் தப்பவில்லை. குடியேற்றமும் தப்பவில்லை.

கேம் இதே விஷயத்தை வேறு வழியில் கையாண்டது. ஐசக் தன் காதலி நிக்கோலைத் தேடித்தான் அந்தக் கப்பலுக்குப் போகிறான். வழியெங்கும் அவள் தென்படுகிறாள், பேசுகிறாள். அவள் முன்பே இறந்துவிட்டாள் என்பது கடைசியில்தான் தெரியும். பன்னிரண்டு அத்தியாயங்களின் ஆங்கிலத் தலைப்புகளில் முதல் எழுத்துகளை மட்டும் வரிசையாகக் கூட்டினால், நிக்கோல் இறந்துவிட்டாள் என்ற வாக்கியம் கிடைக்கும். முடிவை நம் கண் முன்னாலேயே வைத்து மறைத்திருக்கிறார்கள். ஓடுகிறவனிடம் முடிவை மறைக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் ஓடமாட்டான். படிப்பவரிடம் மறைக்கத் தேவையில்லை.

பின்னால் வந்தவை இந்த உயரத்தை எட்டவில்லை. 2010இல் ஜான்ஸ்டனே எழுதிய டெட் ஸ்பேஸ்: சால்வேஜ், கைவிடப்பட்ட இஷிமுராவைக் கண்டெடுக்கும் சட்டவிரோதக் கப்பல் உடைப்பவர்களின் கதை. கரு நல்ல கரு. கிறிஸ்டோஃபர் ஷையின் ஓவியங்கள் தனித்தனியே பார்த்தால் பிரமிப்பு. ஆனால் எல்லாக் கட்டங்களும் ஒரே இருளில் மூழ்கி, யார் எங்கே நிற்கிறார் என்று தொடர முடியாமல் கதை தளர்கிறது. டெம்பிள்ஸ்மித்தின் மங்கலுக்குப் பின்னால் கதைசொல்லியின் கணக்கு இருந்தது. இங்கே அழகு மட்டும் இருக்கிறது. 2013இல் இயன் எட்ஜிங்டன் எழுதிய லிபரேஷன், மூன்றாவது கேமுக்கு ஆள் அறிமுகம் செய்து வைப்பதோடு நின்றுகொண்டது. ரெசிடென்ட் ஈவிலுக்கு வைல்ட்ஸ்டார்ம் நிறுவனம் 1998இலிருந்து வெளியிட்ட இதழ்களில் அங்கங்கே நல்ல பக்கங்கள் உண்டு. நாட்குறிப்பு எழுதிய அந்த ஊழியரின் இடத்தில் நின்று ஒரு முழு நூல் வந்திருக்கலாம். அந்தத் துணிவு அவற்றில் இல்லை.

விஸரல் கேம்ஸை 2017இல் மூடிவிட்டார்கள். டெட் ஸ்பேஸ் முதல் கேமை மான்ட்ரியாலின் மோட்டிவ் குழு புதிதாக உருவாக்கி 2023 ஜனவரியில் வெளியிட்டது. பழையதில் வாயே திறக்காத ஐசக் இதில் பேசுகிறான். அதைப் பார்த்துவிட்டு இன்றைய இளைஞர்கள் பலர் இந்த உலகத்துக்குள் புதிதாக வருகிறார்கள் என்பதால்தான் இதையெல்லாம் இப்போது சொல்லத் தோன்றியது.

இந்த அவையில் வரையும் கை உள்ளவர்களும் கேம் உருவாக்கக் கற்பவர்களும் இருக்கிறீர்கள். உங்களுக்குப் பிடித்த கேமை வைத்து ஒரு கதை வரைய நினைத்தால், அதன் நாயகனை விட்டுவிடுங்கள். அவனுக்குக் கேம் இருக்கிறது. அவன் தாண்டிப் போன உடல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அவர் அன்று காலையில் என்ன வேலையாக அந்த அறைக்கு வந்தார் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

டெட் ஸ்பேஸ் ஆட நினைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இது பெரியவர்களுக்கான கேம், பெரியவர்களுக்கான புத்தகம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் கவனமாக இருங்கள். ஆறு இதழ்களையும் முதலில் படித்துவிடுங்கள், அதன் பிறகு கேமைத் தொடங்குங்கள். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் ஐசக் கப்பலை விட்டு ஏஜிஸ் 7 கிரகத்தில் இறங்குவான். அங்கே நீங்கள் நடக்கப்போவது நியூமன் காவல் காத்த குடியேற்றத்தின் உள்ளே. அந்த இடத்தில் அவசரப்படாமல் ஆடுங்கள்.